நாகலட்சுமி வைத்த கருவாட்டுக் குழம்பு

மீன் தின்பதில் கல்கத்தாக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்யாணம் என்றால் பெரிய மீனாகப் பார்த்து வாங்கி, அதற்குக் குட்டிச் சேலை கட்டி, மூக்குத்தி போட்டு, சீர்த்தட்டில் படுக்கவைத்துச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். மருமகன் வந்தால் மீன், மகன் பாஸானால் மீன், மழை வந்தால் மீன், மழை விட்டாலும் மீன். அப்படியாப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு, ஒரு துண்டு கருவாட்டுக்காக நாகலட்சுமி நாய் படாத பாடு பட்டாள். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவள் புருஷன் இராஜமாணிக்கத்தின் உயிர் அப்போது அந்தக் கருவாட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், டிசம்பர் மாதம். இராஜமாணிக்கத்துக்கு நுரையீரலில் கட்டி. நான்கு மாதமாக மருந்து ஏற்றி ஏற்றிக் கட்டியைச் சுருக்கியாகிவிட்டது. இனி அறுத்து எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் டாக்டர் அவரை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நாற்பத்து மூன்று கிலோ. துறைமுகத்தில் இருபது வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷன், ஏணிப்படியில் ஏறினால் படி முனகும், அப்படிப்பட்ட உடம்பு.

"இந்த உடம்பு கத்தியைத் தாங்காது. மூன்று வாரம் தருகிறேன். நாற்பத்தைந்து கிலோவாவது ஆக்கிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குமேல் தள்ளிப்போட்டால் கட்டி மறுபடியும் வளர ஆரம்பித்துவிடும்" என்றார் டாக்டர்.

"என்ன குடுக்கணும் டாக்டர்?"

"என்ன கேட்கிறாரோ அதைக் கொடுங்கள். அவர் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்."

கேட்டால்தானே கொடுப்பதற்கு! அந்த மனுஷன் எதையுமே கேட்கவில்லை. நாகலட்சுமி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். குளிருக்கு இட்லி மாவு பொங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தி, பக்கத்தில் நாற்பது வாட் பல்பை எரியவிட்டுப் பொங்கவைத்தாள். மல்லிகைப்பூ மாதிரி வந்த இட்லியில் அரை இட்லி உள்ளே போயிற்று. வீடு இருந்த பேஹாலாவிலிருந்து பஸ் பிடித்து, தமிழர் கடைகள் இருக்கும் லேக் மார்க்கெட் போய்க் கறிவேப்பிலையும் நல்லெண்ணெயும் வாங்கிவந்து மிளகு ரசம் வைத்தாள். இரண்டு கரண்டி. பருப்புச் சோறு, ஒரு உருண்டை. நாட்டுக்கோழிச் சாறு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்.

"வாய்க்கு ஒண்ணும் வெளங்கல புள்ள. எடுத்துட்டுப் போ."

இதில் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. அவர் எழுந்து நடமாடுகிறவரை கவுச்சி தொடுவதில்லை என்று ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள் நாகலட்சுமி. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவள், மீன் இல்லாமல் ஒரு வேளை இறங்காதவள், நான்கு மாதமாக மோரும் ஊறுகாயுமாகக் கிடந்தாள். கோழிச் சாறு வைத்தாலும் மீன் குழம்பு வைத்தாலும் கைப்பழக்கம்தான். ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்ததில்லை. அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையும் இல்லாவிட்டால் அந்த நான்கு மாதத்தை அவளால் தாண்டியிருக்க முடியாது.

நாலாம் நாள் மத்தியானம் இராஜமாணிக்கமே கூப்பிட்டார்.

"நாகு, கருவாட்டுக் கொழம்பு இருந்தா நாலு வாய் திம்பேன்னு தோணுது. வாளைக் கருவாடு. கத்திரிக்கா போட்டு, நல்லா காட்டமா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு மாதத்தில் அவர் வாயைத் திறந்து கேட்ட முதல் சாப்பாடு. சந்தோஷத்தில் ஓடிப்போய்ச் சமையலறையில் நின்றுவிட்டாள். நின்ற பிறகுதான் உறைத்தது, வீட்டில் ஒரு கருவாட்டு முள்கூட இல்லை என்று.

இல்லாததற்குக் காரணம் உண்டு. எண்பத்தைந்தில் கல்யாணமாகி இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவளுக்கும் கருவாட்டுக்கும் நடுவே வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். மாடியில் கோஷ் பாபு, எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடுகிற அவர் அம்மா, அவர் மனைவி சாதனா. கீழே இவர்கள். மதராசிக்காரர்கள் எல்லாருமே இட்லியும் தயிரும் தின்கிற சைவர்கள், வீடு நாறாது என்று நம்பித்தான் கோஷ் பாபு கீழ்ப்போர்ஷனை வாடகைக்கு விட்டார். முதல் வாரமே இவர்கள் வீட்டில் மீன் பொரிகிற வாசம் வந்ததும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு வகையில் சந்தோஷம்கூட. ஆனால் இரண்டாம் மாதம் நாகலட்சுமி ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டைச் சட்டியில் போட்ட அன்று பெரியம்மா மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டாள். கோஷ் குடும்பம் இந்தப் பக்கத்துப் பூர்வீகக்காரர்கள். பச்சை மீனென்றால் உயிரை விடுவார்கள்; காய்ந்த மீனென்றால் செத்த எலி மாதிரி. அதற்கு அவர்கள் ஷுட்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போதே முகம் கோணும். பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகள்தான் அதைத் தின்பார்கள், இது மானமுள்ள வீடு, இன்னொரு தடவை நாறினால் காலி பண்ண வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள் பெரியம்மா.

அன்றிலிருந்து கருவாடு என்பது வருஷத்துக்கு ஒரு நாள். கோஷ் குடும்பம் பூஜை லீவில் பூரி ஜகந்நாதர் கோயிலுக்குக் கிளம்பிப் போனால், டாக்சி தெருமுனை திரும்புகிறவரை காத்திருந்து இவர்கள் சட்டியை அடுப்பில் ஏற்றுவார்கள். அன்று மட்டும் இராஜமாணிக்கம் சட்டியைத் துடைத்துச் சோறு பிசைந்து தின்பார். மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாளும் கேட்க மாட்டார். இந்த வருஷம் ஊருக்கும் போகவில்லை, பூஜைக்கும் பெரியம்மா முட்டிவலி என்று எங்கும் கிளம்பவில்லை.

நாகலட்சுமி எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். நாகப்பட்டினத்தில் தம்பி தமிழரசன் எடுத்தான்.

"கருவாடு வேணும்டா. வாளை. இந்த வாரத்துக்குள்ள வேணும்."

"என்னக்கா, மச்சான் ஒடம்பு இப்புடி இருக்கும்போது கருவாடு..."

"அவருக்குத்தாண்டா. கேள்வி கேக்காம அனுப்பு."

தமிழரசன் நல்ல பிள்ளை. அன்று சாயங்காலமே வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, மேலே பேப்பர் சுற்றி, சணல் கட்டி, மெட்ராஸ் வரைக்கும் தானே தூக்கிக்கொண்டு போனான். துறைமுகத்து ஆபீசில் வேலை பார்க்கும் சுந்தரராஜன் தங்கை கல்யாணத்துக்கு வந்துவிட்டுக் கல்கத்தா திரும்புகிறார் என்று தெரிந்து, சென்ட்ரலில் அவரைப் பிடித்துப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தான். கொடுத்தவன் உண்மையைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். சுந்தரராஜன் வெங்காயம்கூடத் தின்னாத சைவம். அதனால் வடாம் என்று சொல்லிவிட்டான்.

வடாம் ஆந்திரா வெயிலில் வாசம் விட ஆரம்பித்தது. பெட்டி முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்தார். யாருடையது, யாருடையது என்று தேடிச் சீட்டுக்கு அடியிலிருந்து அதை இழுத்தபோது சுந்தரராஜன் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நின்றாராம். விஜயநகரம் ஸ்டேஷனில் பிளாட்பாரக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். ஊர் வந்து சேர்ந்ததும் நேராகப் பேஹாலாவுக்குத்தான் வந்தார்.

"வடாம்னு சொல்லித்தானேம்மா குடுத்தார் உங்க தம்பி? நாலு பேர் முன்னால என் மானம் போச்சு!"

உள்ளே கட்டிலில் கிடந்த இராஜமாணிக்கத்தை அப்போதுதான் பார்த்தார் சுந்தரராஜன். துறைமுகத்தில் பார்த்த ஆளா இது? அதற்கு மேல் கோபப்படத் தெரியவில்லை. காபியைக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

நாகலட்சுமி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஐநூறு மைல் தாண்டி வந்த கருவாடு. இன்னும் ஒரு ராத்திரிப் பயணம் தாங்கியிருந்தால் வீடு வந்து சேர்ந்திருக்கும். யாரைக் குற்றம் சொல்வது? சொன்னால் மட்டும் கருவாடு வந்துவிடுமா? அன்றைக்கே அவரை ரிக்‌ஷாவில் வைத்து மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் எடை பார்த்தாள். நாற்பத்திரண்டரை. ஏற வேண்டிய எடை இறங்கியிருந்தது. பாக்கி பதினொரு நாள்தான். திரும்பி வரும்போது ரிக்‌ஷா குலுக்கிய குலுக்கலில் அவர் தோள் எலும்பு அவள் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. அந்த இடி அவளுக்கு இரண்டு நாள் வலித்தது.

வழி சொன்னவள் மகள் பிரியங்கா. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவள். கனவுகூட வங்காளியில்தான் காண்பாள். கடுகு அரைத்துவிட்ட இலிஷ் மீனுக்கு அடித்துக்கொண்டு வருவாள். கருவாடு என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள்.

"மா, எதுக்கு அழற? ஷுட்கி இங்கயே கிடைக்குமே. என் ஃப்ரெண்டு ஒருத்தி டாலிகஞ்ச் பக்கம் அகதிக் காலனில இருக்கா. அவங்க வீட்ல சண்டே சண்டே அதான். அவங்க கிழக்கு பக்கத்துக்காரங்க."

நாகலட்சுமி பதினேழு வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியிருக்கிறாள். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் எந்தக் கடையில் முற்றாமல் இருக்கும் என்று தெரியும். ஆட்டோ தூரத்தில் ஒரு பஜாரில் கருவாடு குவித்து வைத்து விற்கிறார்கள் என்று தெரியாது. கோஷ் வீட்டுப் பெரியம்மாவின் மூக்கைக் கொண்டே இத்தனை வருஷமும் கல்கத்தாவை மோந்து பார்த்திருக்கிறாள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் மகளும் ஆட்டோ பிடித்தார்கள். காலனி பஜாரின் கடைசி மூலையில், கோழிக்கடைக்கும் அப்பால், ஒரு கிழவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். பிரியங்கா பத்தடி தள்ளியே நின்றுகொண்டாள். நாகலட்சுமி சாக்கின் முன்னால் உட்கார்ந்தாள். வெள்ளிக் கச்சை மாதிரி நீளமாக, தட்டையாகக் காய்ந்து கிடந்தது. ஊரில் சாவாளை என்பார்களே, அதே மீன். இங்கே அதற்கு வேறு பேர். பேரில் என்ன இருக்கிறது? எடுத்து மோந்து பார்த்தாள். அவளையறியாமல் கிழவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டாள். அந்தக் கிழவர் ஷுட்கிக்காக யாரும் கும்பிட்டு அதுவரை பார்த்ததில்லை. பதறிப்போய் இரண்டு துண்டு கூடவே போட்டார்.

செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செவ்வாய்தோறும் பெரியம்மா மருமகளைக் கூட்டிக்கொண்டு காளிகாட் கோயிலுக்குக் கும்பிடப் போவாள். கோஷ் பாபு ஆபீசில் இருப்பார். பிரியங்கா பள்ளிக்கூடத்தில். பத்து மணிக்கு வாசலில் ரிக்‌ஷா மணி கேட்டது, ரிக்‌ஷா போயிற்று. நாகலட்சுமி ஜன்னல்களை அடைத்தாள், கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். இவ்வளவு முன்னேற்பாடு வெடிகுண்டு செய்கிறவன்கூடப் பண்ண மாட்டான்.

கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, மேல்தோலைச் சுரண்டி, நான்கு தண்ணீர் விட்டு அலசினாள். நல்லெண்ணெயில் வெந்தயம் பொரிந்தது. வெங்காயம், பூண்டு, இரண்டு பிஞ்சுக் கத்திரிக்காய். ஊர் மிளகாய்த்தூளில் மூன்று கரண்டி, புளி கெட்டியாக. உப்பு ஜாடி பக்கம் அவள் கை போகவே இல்லை. கருவாட்டுக் குழம்புக்கு உப்புப் போடுகிற வழக்கம் அவர்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. உப்பில் ஊறிக் காய்ந்த மீன், அதுவே குழம்புக்கு வேண்டியதை இறக்கிவிடும். கொதி வந்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது. அவள் வாயில் எச்சில் ஊறிற்று. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மாரியம்மா, என்னைச் சோதிக்காதே என்றாள்.

சோற்றில் குழம்பை ஊற்றி, முள் எடுத்துப் பிசைந்து தட்டைக் கையில் கொடுத்தாள். இராஜமாணிக்கம் ஒரு வாய் வைத்தார். மென்றார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்புடி இருக்குங்க?"

"அம்சமா இருக்கு புள்ள" என்றார். "உப்பு, உறைப்பு, புளிப்பு, எல்லாம் வச்ச எடத்துல இருக்கு."

அடுத்த வாய். அதற்கடுத்த வாய். தட்டு காலியாயிற்று. "இன்னுங் கொஞ்சம் போடு" என்றார். அதுவும் காலியாயிற்று. நாகலட்சுமி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு தட்டுச் சோறு! ஒரு நாளைக்கு இரண்டு வேளை இப்படிப் போனால் பாக்கி எட்டு நாளில் இரண்டரை கிலோ ஏறாதா? ஏறும். ஏறியே தீரும். அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று நினைத்தாள்.

அப்போதுதான் பின்கதவைத் தட்டினார்கள்.

"லொக்கி!"

சாதனாவின் குரல். நாகலட்சுமியின் பெயர் அந்த வீட்டில் வங்காளிப்பட்டு லொக்கி ஆகி வெகு காலமாயிற்று. அண்ணி என்கிற அர்த்தத்தில் இவள் அவளைப் பௌதி என்று கூப்பிடுவாள். பெரியம்மாவோடு போகவில்லையா? பெரியம்மா தனியாகவா ரிக்‌ஷாவில் போனாள்? காலி பண்ணச் சொன்னால் நாகலட்சுமி நாற்பத்திரண்டரை கிலோ மனுஷனைத் தூக்கிக்கொண்டு குளிரில் எந்தத் தெருவில் வீடு தேடுவாள்? கதவைத் திறந்ததும் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு திறந்தாள்.

சாதனா உள்ளே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"ஷுட்கி சமைத்தாயா?"

"பௌதி, மன்னிச்சுக்கோ. அவருக்கு உடம்பு..."

"எனக்குத் தலைவலி. போகாமல் படுத்திருந்தேன்" என்றாள் சாதனா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "எனக்குக் கொஞ்சம் தருவாயா?"

நாகலட்சுமிக்குத் தன் வங்காளியில் சந்தேகம் வந்துவிட்டது.

"எங்கள் அப்பா கிழக்கே பரிசாலிலிருந்து அகதியாக வந்தவர். நான் பிறந்தது காலனியில்தான். அம்மா வாரம் மூன்று நாள் ஷுட்கி வைப்பாள். கல்யாணமாகி வந்த அன்றைக்கே மாமியார் சொல்லிவிட்டாள், அது மட்டும் இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது என்று. இருபத்தேழு வருஷம் ஆச்சு, லொக்கி."

நாகலட்சுமி சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். வீட்டுக்காரி சமையலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு வாய் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். உறைப்பாலா, வேறு எதனாலா, கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் வாயில் நிறுத்தினாள்.

"உப்புப் போட மறந்துவிட்டாயா?"

நாகலட்சுமி சிரித்தேவிட்டாள். "கருவாட்டுக்கு யாராவது உப்புப் போடுவாங்களா பௌதி? அதுலயே இருக்குமே."

"எங்கள் ஷுட்கியில் உப்பு இருக்காதே. வெறும் வெயிலில்தான் காயப்போடுவார்கள். இதில் துளிகூட உப்பு இல்லை, லொக்கி."

இருக்காது, இவளுக்கு நாக்குக் கெட்டுவிட்டது, இருபத்தேழு வருஷம் தின்னாதவளுக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் நினைத்தாள் நாகலட்சுமி. அவர்தான் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது என்றாரே! சட்டியைப் பார்த்தாள். கரண்டியை எடுத்தாள். மாரியம்மன் ஞாபகம் வந்தது. வந்தும், நான்கு மாத நேர்ச்சையை ஒரு நொடியில் உடைத்துக் குழம்பை நாக்கில் விட்டாள்.

உப்பே இல்லை. புளியும் மிளகாயும் தனித்தனியாக நின்று தொண்டையை அறுத்தன. பசித்த பிச்சைக்காரனும் ஒரு வாய்க்கு மேல் தின்ன மாட்டான். இதைத்தான் அந்த மனுஷன் இரண்டு தட்டு தின்றார். அம்சமா இருக்கு என்று சொல்லிச் சொல்லித் தின்றார்.

கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். இராஜமாணிக்கம் கண்ணை மூடிக் கிடந்தார்.

"என்னங்க, கொழம்புல உப்பு இருந்துச்சா?"

"அதான் சொன்னேனே. சரியா இருந்துச்சு."

"நான் உப்பே போடலீங்க. அந்தக் கருவாட்டுலயும் உப்பு இல்லையாம்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"எப்பலேர்ந்து?" என்றாள் நாகலட்சுமி.

"ரெண்டாவது ஊசியிலேர்ந்து. சக்கரையும் மண்ணு, மொளகாயும் மண்ணு. ஒறைப்பு எரியுது, அவ்வளவுதான். ருசி இல்ல. சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராதுன்னு டாக்டர் சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எதைத் தேடிட்டு ஓடுவ?"

நாகலட்சுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். லேக் மார்க்கெட்டும், கம்பளி போர்த்திய மாவும், விஜயநகரத்துக் குப்பைத்தொட்டியும், கும்பிட்ட கும்பிடும், எல்லாமே ஒரு செத்துப்போன நாக்குக்காக. அவர் மேல் ஆத்திரம் வந்தது. அடித்துவிடலாம் போல வந்தது.

"பின்ன ஏன் கருவாடு கேட்டீங்க? ஏன் என்னை இப்புடி அலைய விட்டீங்க?"

"அதுக்கு மிஞ்சின காட்டம் ஒலகத்துல எது இருக்கு நாகு?" அவர் இப்போது கண்ணைத் திறந்தார். "அதாவது தெரியுதான்னு பாக்கத்தான் கேட்டேன். எங்கியாவது ஒரு மூலைல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும்னு நெனச்சேன். வாயில வச்சேன். தெரியல. ஒண்ணுமே தெரியல புள்ள."

ஆறடி மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவர் அம்மா செத்தபோதுகூட அழவில்லை. நாகலட்சுமி அவர் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். ருசி திரும்பி வரும் என்று சொல்லலாம். வருமா என்று அவளுக்கே தெரியாது.

"அப்பறம் எப்புடி ரெண்டு தட்டு தின்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மருந்து முழுங்குற மாதிரிதான். நீ பாத்துக்கிட்டே நின்ன."

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. பாக்கி எட்டு நாள்தான் இருந்தது. ருசி தெரிகிறதோ இல்லையோ, தராசுக்குச் சோறு தெரியும். நாகலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே சாதனா உப்பைப் போட்டுக் குழம்பை மறுபடி கொதிக்கவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். உள்ளே பேசிய தமிழ் அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது. புரிய வேண்டியது புரிந்திருக்க வேண்டும். கரண்டியை நீட்டிவிட்டு, கிளம்பும்போது சொன்னாள், நாளைக்கும் சமை, ஜன்னலை அடைக்காதே, மாமியாருக்கு நான் பதில் சொல்கிறேன் என்று.

மூன்றாவது தட்டோடு நாகலட்சுமி உள்ளே வந்தாள். இராஜமாணிக்கம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் கேட்கவில்லை. ஒரு வாய் பிசைந்து உருட்டி, அவருக்குக் கொடுக்காமல் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர் திடுக்கிட்டார். "ஏய், ஒன் நேர்ச்சை?"

"அம்மன்ட்ட நான் பேசிக்கிறேன்."

மென்றாள். நிதானமாக மென்று விழுங்கினாள்.

"இப்ப உப்பு சரியா இருக்குங்க. புளி ஒரு பொட்டு தூக்கல். கத்திரிக்கா வெண்ணெ மாதிரி வெந்துருக்கு. மீன் கெட்டியா இருக்கு, கடிச்சா நாரு நாரா வருது. கடைசியில தொண்டையில ஒரு காட்டம் நிக்குது, பாருங்க, அது அப்புடியே நம்ம ஊரு."

அடுத்த வாயை உருட்டி அவர் முன்னால் நீட்டினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்று வாயைத் திறந்தார்.